மெனாங் கா? - பயிற்றுநர் கதைகளும் பயிற்றுநர் வாழ்க்கையும்

1

நான் படித்த பல்கலைக்கழகத்தில் 'கொலேஜ்' என்றால் தங்கும் விடுதி. ஒவ்வொரு கொலேஜுக்கும் ஒரு காற்பந்துக் குழு, ஒரு பூப்பந்துக் குழு, ஆள் கிடைத்தால் ஒரு கூடைப்பந்துக் குழு இருக்கும். எங்கள் கொலேஜில் ஆள் கிடைத்தது. மொத்தம் பதினோரு பேர். எட்டுப் பேர் சீனப் பையன்கள், இரண்டு பேர் மலாய்க்காரர்கள், கடைசியாக நான். உயரமாக இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குமுன் நான் கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை.

எங்கள் கோச் ஸ்கூடாய் பக்கம் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த ஒரு சீனர். வயது ஐம்பதுக்கு மேல். செவ்வாயும் வியாழனும் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, சிமெண்டுத் தூசி ஒட்டிய அதே கால்சட்டையோடு ஐந்தரைக்கு வந்துவிடுவார். யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. பெட்ரோல் காசுகூட இல்லை. பாக்கெட்டில் ஒரு 555 புத்தகம் வைத்திருப்பார். நம் ஊர் மளிகைக்கடைகளில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். அதில் எங்கள் ஒவ்வொருவருடைய ஃப்ரீ த்ரோ கணக்கையும் எழுதுவார். பத்துக்கு மூன்று, பத்துக்கு நான்கு, பத்துக்கு இரண்டு. நான் எப்போதும் பத்துக்கு இரண்டு. அவர் திட்டியதில்லை. பாராட்டியதும் இல்லை. முழங்கையை இரண்டு விரலால் தொட்டு உள்ளே தள்ளுவார். கிளம்பும்போது எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான்: "ஏசோக் டத்தாங்." நாளைக்கு வா. அடுத்த பயிற்சிக்கு ஐந்து நாள் இருந்தாலும் அதே 'நாளைக்கு'தான்.

நான் இருந்த நான்கு ஆண்டும் நாங்கள் முதல் சுற்றைத் தாண்டவில்லை.

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு அவரைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். அந்தக் கதையில் அவருக்கு ஒரு செத்துப்போன மகன் இருந்தான். இளமையில் தேசியக் குழுவில் இடம் கிடைத்தும் அரசியலால் பறிபோனது. கடைசி ஆட்டத்தில் இடைவேளையின்போது உடைமாற்றும் அறையில் நின்று பேசினார். பேச்சைக் கேட்ட பையன்கள் எழுந்து போய் வென்றார்கள். கதை நன்றாகத்தான் வந்திருந்தது. வாசித்த நண்பன் ஒருவன் கண் கலங்கியதாகச் சொன்னான்.

இந்தக் கட்டுரை அந்தக் கதைக்கு எதிராக எழுதப்படுவது. அந்தக் கதையை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

2

தமிழில் பயிற்றுநர் என்று சொன்னவுடன் நம் தலைமுறைக்கு நினைவு வருவது சினிமாதான். 2016-இல் சுதா கொங்கரா இயக்கிய 'இறுதிச்சுற்று', 2018-இல் அருண்ராஜா காமராஜின் 'கனா', 2019 தீபாவளிக்கு வந்த அட்லீயின் 'பிகில்', 2021-இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'. நான்கும் நான்கு தரத்தில் உள்ள படங்கள். ஒன்றாகக் கட்டிப்போட்டு அடிப்பது நியாயமில்லை. ஆனால் முதல் மூன்றிலும் பயிற்றுநர் என்கிற ஆள் எப்படிச் செய்யப்படுகிறார் என்று பார்த்தால் ஒரே அச்சு தெரியும்.

அவருக்கு ஒரு காயம் இருக்க வேண்டும். 'இறுதிச்சுற்று' பிரபு குத்துச்சண்டை நிர்வாக அரசியலால் ஒதுக்கப்பட்டவர், பொய்ப் புகாரோடு சென்னைக்குத் தூக்கி அடிக்கப்பட்டவர். 'பிகில்' மைக்கேல் களத்தை விட்டுத் தந்தையின் வாழ்க்கைக்குள் இழுக்கப்பட்ட முன்னாள் ஆட்டக்காரன். 'கனா'வின் நெல்சனும் ஆட்டக்காரராகத் தோற்றுப்போனவர். இவர்கள் யாருமே பயிற்சியளிப்பது பிடித்துப்போய் பயிற்றுநர் ஆனவர்கள் இல்லை. ஆட முடியாமல் போனதால் ஆனவர்கள். எனவே அந்தப் பெண்கள் வெல்வது, கடைசியில், இவர்களுடைய பழைய கணக்கைத் தீர்ப்பதாக ஆகிவிடுகிறது.

அடுத்து, ஒரு பேச்சு இருக்க வேண்டும். ஆட்டம் கைவிட்டுப் போகும் நேரத்தில் சொல்லால் ஆளைத் தூக்கி நிறுத்தும் பேச்சு. 'பிகில்' இதை வேறு ஓர் எல்லைக்குக் கொண்டுபோகிறது. இறுதி ஆட்டத்தில் பாண்டியம்மா என்ற பெண்ணை அவள் உடம்பைச் சொல்லிக் கேலி செய்து, கோபமேற்றி, ஆட வைக்கிறார் கோச். தியேட்டரில் விசில் பறந்தது. நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை மாதம் பயிற்சி கொடுத்த ஒருவருக்கு, தன் ஆட்டக்காரியை நன்றாக ஆட வைக்க அவளை அவமானப்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றால், அந்தப் படம் காட்டுவது ஒரு நல்ல பயிற்றுநரையா, பயிற்சியே கொடுக்காத ஒருவரையா?

கடைசியாக, ஓர் ஆட்டம் வேண்டும். ஒரே ஆட்டம். அதில் வென்றால் எல்லாம் வென்றது, படம் முடிந்தது. அடுத்த நாள் காலை அந்தப் பயிற்றுநர் என்ன செய்கிறார் என்று எந்தப் படமும் காட்டாது.

'இறுதிச்சுற்று'க்கு ஒரு சலுகை தர வேண்டும். மீன் விற்கும் மதியைப் பயிற்சிக்கு வரவைக்கப் பிரபு அவளுக்குக் காசு கொடுக்கிறார். இது உண்மையான விஷயம். ஏழைப் பிள்ளை மாலையில் விளையாட வந்தால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்தான் பயிற்றுநர். படம் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். ஆனால் கதைக்கு இறுதிச் சுற்று தேவைப்பட்டது, ஓடிவிட்டது.

'சார்பட்டா' இந்த அச்சை உடைக்கிறது என்பது என் கருத்து. ரங்கன் வாத்தியாருக்குத் தனிப்பட்ட காயம் என்று ஒன்றும் இல்லை, இருப்பது பொறுப்பு. பரம்பரையின் மானம் அவர் தலையில் இருக்கிறது. பெற்ற மகன் வெற்றியை விட்டுவிட்டுக் கபிலனைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த முடிவு அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு விரிசலை உண்டாக்குகிறது. நெருக்கடிநிலை வந்ததும் கட்சிக்காரர் என்பதால் சிறைக்குப் போகிறார். அவர் இல்லாத காலத்தில் கபிலன் சீரழிகிறான். பயிற்றுநர் என்றால் தினமும் கூட இருக்கிற ஆள், அவர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை நம் சினிமாவில் ஒழுங்காகக் காட்டிய இடம் அது ஒன்றுதான். அப்படியும், கடைசியில் கபிலனை மீட்டெடுக்க வேறோர் ஆசானும் கடற்கரை ஓட்டமும் ஒரு பாட்டும் போதுமானதாகிவிடுகிறது. ஆண்டுக்கணக்கான உழைப்பு ஐந்து நிமிடத்தில் முடிகிறது.

நம் மலேசியாவிலும் ஒன்று உண்டு. 2016-இல் சியூ கெங் குவான் இயக்கிய 'ஓலா போலா'. 1980 ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் தென்கொரியாவை மெர்டேக்கா அரங்கில் வென்ற அணியைத் தழுவிய கதை. 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் சாயலில் முத்து என்ற கோல்காவலர் வருவார். அதில் பயிற்றுநர் ஒரு வெள்ளைக்காரர். மூன்று இனமும் ஒன்றாக ஆடும் கதைக்கு, எந்த இனமும் இல்லாத ஒருவர் வெளியிலிருந்து வந்து சேர்த்துவைக்க வேண்டும் என்று திரைக்கதை நினைத்ததுபோல. படம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பார்த்துவிட்டு வெளியே வரும்போது எனக்கு நினைவு வந்தது இன்னொரு பெயர்.

3

கே. ராஜகோபால்.

2010 டிசம்பர் 26. எனக்குப் பதினான்கு வயது. வீட்டுப் பக்கத்து மாமாக் கடையில் நாற்காலி கிடைக்காமல் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். புக்கிட் ஜாலிலில் சுசூக்கி கிண்ண இறுதி, முதல் ஆட்டம். கூட்டத்திலிருந்து யாரோ லேசர் அடிக்கிறார்கள் என்று இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் முறையிட, ஆட்டம் சில நிமிடம் நின்றது. திரும்பத் தொடங்கியதும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் மூன்று கோல். சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றோம். ஆனாலும் மொத்தக் கணக்கில் 4-2, கிண்ணம் நமக்கு. அந்தப் போட்டியை மலேசியா வென்றது அதுவே முதல் முறை. பிரதமர் டிசம்பர் 31-ஐப் பொது விடுமுறையாக அறிவித்தார். மாமாக் கடையில் ஒரு மலாய் பாக்சிக் அப்பாவைப் பார்த்து, "உங்க ஆளு கெட்டிக்காரன்" என்று மலாயில் சொன்னார். அப்பா அன்றைக்கு மூன்று மேசைக்குத் தே தாரிக் வாங்கிக்கொடுத்தார். பொதுவாக அப்படிச் செலவு செய்கிறவர் இல்லை.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அது 'பிகில்'. பெரும்பாலும் நாம் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். ஒவ்வொரு டிசம்பரிலும் பழைய படம் ஒன்றைப் போட்டு, 'கிங் ராஜா' என்று எழுதி, முடித்துவிடுகிறோம். ஆனால் ஒரு பயிற்றுநர் வாழ்க்கையாக அதைப் பார்த்தால் சுவாரசியமான இடங்கள் வேறு.

அவர் பொறுப்பேற்றது 2009-இல். மலேசியக் காற்பந்து படு மோசமாக இருந்த நேரம். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் பி. சத்தியநாதன், இன்னொரு தமிழர். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் கோலாலம்பூரிலேயே 0-5 என்று தோற்றதும் அவர் வெளியேற்றப்பட்டார். சத்தியநாதன் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே கிளந்தான் அணிக்கு மலேசியக் கிண்ணத்தை வாங்கிக்கொடுத்தார். ஒரே ஆள்தான். 2009-இல் தகுதியில்லாதவர், 2010-இல் வெற்றியாளர். இந்தத் தொழிலின் கணக்கு அப்படி.

ராஜகோபால் அந்த ஆண்டு டிசம்பரில் 23 வயதுக்குட்பட்ட அணியை லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோனார். இறுதியில் வியட்நாமை 1-0 என்று வென்றது அணி. அந்த ஒரு கோலும் வியட்நாம் ஆட்டக்காரர் தன் வலைக்கே அடித்துக்கொண்டது, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது. காற்பந்தில் நமக்குத் தங்கம் வந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் எண்பத்தைந்து நிமிடம் கோல் வாங்காமல் நின்றால்தான் அப்படி ஓர் அதிர்ஷ்டம் வந்து சேரும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த தேதி: 2010 டிசம்பர் 1. சுசூக்கி கிண்ணத்தின் முதல் ஆட்டம், அதே ஜகார்த்தாவில், அதே இந்தோனேசியாவிடம். 5-1 என்று தோற்றோம். அன்று இரவு அவரை நாடு எப்படித் திட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கும் புக்கிட் ஜாலிலின் 3-0-க்கும் இடையில் இருபத்தைந்து நாள். தாய்லாந்தோடு கோலில்லாச் சமநிலை, லாவோசுக்கு எதிராக 5-1, அரையிறுதியில் வியட்நாமை இங்கே 2-0, அங்கே 0-0. இந்த இருபத்தைந்து நாளில் என்ன நடந்தது? எந்த அறையில், எந்தப் பலகையில், யாரிடம் என்ன சொன்னார்? மறுநாள் காலைப் பயிற்சி எத்தனை மணிக்குத் தொடங்கியது? ஒரு படமோ நாவலோ வருமென்றால் எனக்கு அது வேண்டும். 3-0 எனக்குத் தெரியும், யூடியூபில் இருக்கிறது.

பிறகு 2011 ஜூலை. கிண்ணம் வென்று ஏழு மாதம்தான். உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் சிங்கப்பூரிடம் அங்கே 5-3 தோல்வி, இங்கே 1-1. வெளியே. ஜொகூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூரிடம் தோற்பது தனி வலி. பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் மறுநாள் காலை என்ன கேட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பொது விடுமுறை வாங்கிக்கொடுத்த மனிதரைப் பற்றி அதே மாமாக் கடையில் அதே ஆட்கள் என்ன பேசினார்கள் என்பதை நான் கேட்டிருக்கிறேன். 'உங்க ஆளு' என்ற சொல் அன்றைக்கும் வந்தது. தொனி வேறு. அப்பா பில்லைக் கட்டிவிட்டு எழுந்தார்.

2012-இல் கிண்ணத்தைத் தக்கவைக்கும் முயற்சி அரையிறுதியில் தாய்லாந்தோடு முடிந்தது. 2013-இல் தேசிய அணியோடு அவர் பயணமும் முடிந்தது. அதன்பின் உள்ளூர் அணிகளுக்குத் திரும்பினார்.

ஒரு சிறுபான்மை இனத்து ஆள் தேசிய அணியின் பயிற்றுநராக இருப்பது என்றால் என்ன என்பதற்கு அந்த 'உங்க ஆளு' இரண்டும் போதும். வென்றால் நாட்டின் ஆள். தோற்றால் நம் ஆள். நடுவில் இருக்கிற பயிற்சி நாட்களில் அவர் யாருடைய ஆள்? அப்போது யாரும் கேட்பதில்லை. ஒரு பயிற்றுநர் நிம்மதியாக இருக்கிற நாட்கள் அவைதாம் என்று தோன்றுகிறது.

4

பயிற்றுநர் வாழ்க்கையை எப்படி எழுதலாம் என்று தேடியபோது கையில் கிடைத்தது ஜான் வூடனின் தன்வரலாறு. 'தே கால் மீ கோச்' என்ற பெயரில் ஜாக் டோபின் என்பவரோடு சேர்ந்து எழுதி 1972-இல் வெளிவந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வூடன் பெயர் தெரியாதவர் கிடையாது. யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து தேசியப் பட்டம், அதில் ஏழு தொடர்ச்சியாக. ஒரு கட்டத்தில் 88 ஆட்டம் தோல்வியே இல்லை. கரீம் அப்துல் ஜப்பாரும் பில் வால்டனும் அவரிடம் ஆடியவர்கள்.

இந்த எண்களைப் பார்த்து, இதுவும் ஒரு வெற்றிக்கதைதானே என்று நினைத்தேன். ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவர் யூசிஎல்ஏ-வுக்கு வந்தது 1948-இல். முதல் பட்டம் 1964-இல். முதல் பதினைந்து பருவம் ஒரு பட்டமும் இல்லை. நம்முடைய சங்கங்கள் எதுவும் அவரை அவ்வளவு நாள் வைத்திருக்காது. மூன்றாவது ஆண்டே 'கோச்சை மாத்து' என்று பதாகை பிடித்திருப்போம். அந்தப் பதினைந்து ஆண்டுகளும் அவர் பயிற்சி நடத்தியது கட்டடத்தின் மேல்மாடியில், மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக்காரர்களும் பங்குபோட்ட ஒரு பழைய கூடத்தில். பயிற்சிக்கு முன் தரையைக் கூட்டித் துடைக்கிற வேலையில் அவரே இறங்குவார்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது காலுறை போடுவது எப்படி என்று. தேசத்திலேயே தலைசிறந்த இளம் ஆட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடச் சொல்லிக்கொடுப்பார். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி தவறும். அவ்வளவுதான் தத்துவம். பயிற்சித் திட்டத்தை நிமிடக் கணக்கில் சின்ன அட்டைகளில் எழுதி வைத்துக்கொள்வார்.

இதை வாசித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். 555 புத்தகம் ஞாபகம் வந்துவிட்டது.

அவருடைய கடைசிப் பருவத்தில், 1974-75-இல், ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவர் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்து, அவர் சொல்வதை எல்லாம் குறித்துக்கொண்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச்சின்னக் கற்பித்தல் செயல்கள். அதில் பாராட்டு ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு. கண்டிப்பும் ஏறக்குறைய அவ்வளவே. முக்கால்வாசி வெறும் தகவல்: இப்படி நில், பந்தை இங்கே பிடி, கையை உயர்த்து. உரை இல்லை, உணர்ச்சி இல்லை. ஓர் இன்ஜினியராக இதை வாசிக்கும்போது எனக்கு ஒரு திருப்தி. எங்கள் தொழிற்சாலையில் நல்ல சூப்பர்வைசர் பேசுவதும் இப்படித்தான்.

ஆனால் வூடனின் புத்தகத்தை அப்படியே தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. வெற்றிக்கு ஒரு பிரமிடு வரைந்து, பதினைந்து கட்டங்களில் பதினைந்து நற்குணங்களை எழுதி வைத்தார். இன்றைக்கும் கம்பெனிப் பயிலரங்குகளில் அதைத் திரையில் போட்டுக்காட்டுகிறார்கள். நானே ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் காலுறை இல்லை. கூட்டித் துடைத்த தரை இல்லை. பட்டங்களுக்குப் பிறகு அந்த வாழ்க்கை நீதிநூலாக மாறிவிட்டது. இன்னொன்றும் உண்டு. சாம் கில்பர்ட் என்ற பணக்காரக் கட்டடக் குத்தகைக்காரர் யூசிஎல்ஏ ஆட்டக்காரர்களுக்கு விதிக்குப் புறம்பான சலுகைகள் செய்துவந்தார். வூடன் ஓய்வுபெற்ற பின் 1981-இல் அதற்காகப் பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டது. வூடன் காலத்திலும் அந்த மனிதர் ஆட்டக்காரர்களைச் சுற்றி இருந்தார். காலுறைச் சுருக்கம் வரை கவனித்த கண்ணுக்கு அது படவில்லையா, படாததுபோல் இருந்ததா என்ற கேள்வி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பிரமிடில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பட்டத்தில் சேராத ஒரு சம்பவம். 1947-இல் அவர் இந்தியானாவில் ஒரு சிறிய ஆசிரியர் கல்லூரியின் பயிற்றுநர். அணிக்குத் தேசியப் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. வூடனின் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பினப் பையன் ஒருவன் இருந்தான். அழைப்பை மறுத்துவிட்டார் வூடன். அடுத்த ஆண்டு விதி மாறியது, போனார்கள், வாக்கர் அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனான். இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். சினிமாவாக எடுத்தால் அந்த இறுதியில் வென்றாக வேண்டும். நிஜத்தில், போகாமல் இருந்த ஆண்டுதான் முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டுக்கு ஸ்கோர் கிடையாது.

5

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பயிற்றுநர் வாழ்க்கை என்பது திரும்பத் திரும்பச் செய்வது. நம் கதை வடிவங்களோ ஒரே ஒருமுறை நடப்பதைத்தான் கொண்டாடத் தெரிந்தவை. எனவே நாம் பயிற்றுநரைப் பற்றி எழுதும்போது உண்மையில் ஒரு கதாநாயகனைப் பற்றி எழுதுகிறோம். விசிலை மட்டும் கழுத்தில் மாட்டிவிடுகிறோம்.

'அப்படியென்றால் திரும்பத் திரும்பச் செய்வதை எழுதினால் யார் வாசிப்பார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊர் இலக்கியத்துக்கு இது புதிதில்லை. பால்மரக் காட்டு வாழ்க்கையே தினம் ஒரே மரத்தை வெட்டுகிற வாழ்க்கைதான். அதை எழுதித்தான் மலேசியத் தமிழ் உரைநடை வளர்ந்தது. விடிகாலை இருட்டில் அதே நிரைக்கு, அதே கத்தியோடு போகிற பாட்டியை எழுதத் தெரிந்த நமக்கு, செவ்வாய் வியாழன் ஐந்தரை மணியை எழுதத் தெரியாதா? சினிமா நம்மைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று நினைக்கிறேன். என்னை ஆக்கியது. அதற்குச் சாட்சி என் கதை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு மனிதருக்கு இல்லாத காயத்தைக் கொடுப்பது அவரை உயர்த்துவதுபோலத் தோன்றும். ஆனால் அதன் அடியில் இருப்பது, 'காயம் இல்லாமல் ஒருத்தர் இப்படி இலவசமாக வந்து நிற்க மாட்டார்' என்ற நம் சந்தேகம்தான். சும்மா, பிடித்திருக்கிறது என்பதற்காக, வேற்று இனத்துப் பையன் ஒருவனுடைய முழங்கையை நான்கு ஆண்டு திருத்திக்கொண்டிருக்க ஒருவரால் முடியும் என்பதை நான் நம்பவில்லை. அதனால் மகனைக் கொன்றேன்.

போன ஆண்டு குழாய் இணைப்பு ஒன்று வாங்க அந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். தலை முழுதாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பெயர் வரவில்லை அவருக்கு, "டுவா," என்றார். இரண்டு. பத்துக்கு இரண்டு. சிரித்தேன். கடையில் ஆளில்லை. மலாயில் பேசிக்கொண்டிருந்தோம். ஏதோ துணிச்சலில், "கோச், உங்களைப் பற்றித் தமிழில் ஒரு கதை எழுதியிருக்கிறேன்," என்றேன்.

அவர் திருகாணிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "மெனாங் கா?" என்று கேட்டார். அதில் ஜெயித்தோமா?

"ஜெயித்தோம் கோச்."

எடையைப் பார்த்தார். இரண்டு திருகாணியைத் திரும்ப எடுத்துப் பெட்டியில் போட்டார். "அப்ப அது நம்ம டீம் இல்ல," என்றார்.

கோபம் இல்லை. முழங்கையைத் தொட்டு உள்ளே தள்ளுவாரே, அதே மாதிரிதான் சொன்னார். குழாய் இணைப்புக்கு நான்கு ரிங்கிட் எழுபது சென் வாங்கிக்கொண்டார். தள்ளுபடி எதுவும் இல்லை. வெளியே வந்து மோட்டாரை எடுக்கும்போது உள்ளிருந்து குரல் கேட்டது. என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கதையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். மகன் போய்விட்டான்; தேசியக் குழு போய்விட்டது; இடைவேளைப் பேச்சும் போய்விட்டது. இப்போது அதில் மிச்சமிருப்பது ஒரு கூடம், பதினோரு பையன்கள், ஒரு 555 புத்தகம். முதல் சுற்றில் தோற்றுவிட்டு வருகிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணி ஆகிறது. அங்கிருந்து எப்படித் தொடர்வது என்று இன்னும் பிடிபடவில்லை.